மேலே காய்ந்த தானியம்: எண்ணெய் நிறுவனங்களின் பசுமை விளம்பரங்கள்

ஷெல், பெட்ரோனாஸ், ரெப்சால் ஆகிய மூன்று எரிசக்தி நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு 2023 ஜூனில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடை விதித்தது. சுற்றுச்சூழல் விஷயத்தில் அவை மக்களை ஏமாற்றுகின்றன என்பதே காரணம்.

இதில் ஷெல் விவகாரம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. தன்னிடமிருந்து 78,000 வீடுகள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பெறுகின்றன என்று பிரிஸ்டல் நகரில் அது பலகை வைத்தது. அந்த எண்ணிக்கையை ஆணையம் பொய் என்று சொல்லவில்லை. வியாபாரத்தின் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும்தான் என்பதைச் சொல்லாமல் விட்டதையே குற்றமாகக் கண்டது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது உள்ளே ஈரம் பட்ட சம்பவம் நாம் அறிந்ததே. மேலே இருந்த தானியம் காய்ந்திருந்தது உண்மைதான். ஈரத்தை அடியில் வைத்ததுதான் மோசடி. பெட்ரோனாஸ் மலேசிய அரசின் நிறுவனம். முஸ்லிம் நாட்டினுடையது என்பதற்காக இந்த அளவுகோல் மாறிவிடாது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னொரு வகை. நிலக்கரி, எரிவாயுவை எரித்து மின்சாரம் தந்துகொண்டே, வேறிடத்துத் திட்டங்களுக்குப் பணம் கொடுத்துப் புகைக் கணக்கை நேர்செய்துவிட்டோம் என்றது எனர்ஜி ஆஸ்திரேலியா. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் அந்தத் திட்டத்தில் இருந்தனர். பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2025 மே மாதம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எரித்ததால் வரும் கேட்டை இந்த ஈடுகட்டல் நீக்காது என்றும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸ் நீதிமன்றமும் டோட்டல் எனர்ஜீஸ் நிறுவனம் நுகர்வோரை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்தது.

இவற்றின் பலவீனத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் ஆணையத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரம் இல்லை. விளம்பரம் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தடையும் வருகிறது. ஆனாலும் இந்த வழக்குகளில் பல சாதாரண மக்கள், தொண்டு அமைப்புகள் கொடுத்த புகாரில் தொடங்கியவை என்பதை மறக்கக் கூடாது.

நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. 'பசுமை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. சந்தேகம் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வீட்டுக்குப் பொருள் வாங்கும்போது பச்சை இலைப் படத்தோடு நின்றுவிடாமல், எது சொல்லப்படவில்லை என்றும் கேட்டுப் பழகுவோம்.