போத்தலின் அடியில் கிடக்கிறது அழுக்கில்லை

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொண்டுவந்த பியர் போத்தலின் அடியில் மண்டி. "பழுதாப் போச்சு" எண்டு கொட்டப் போனவையை நாங்கள்தான் மறிச்சம்.

அது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிச்ச மதுவம். சில பியர்களைப் போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனியும் மதுவமும் சேர்ப்பார்கள். உள்ளே மறுபடி நொதித்து, நுரைக்கான வாயு அங்கேயே உண்டாகும். வேலை முடிந்த மதுவம் அடியில் படியும். ஜேர்மனியின் கோதுமை பியரில் கடைசி மிச்சத்தைச் சுழற்றி, மண்டியோடு ஊற்றுவார்கள். பெல்ஜியத்துப் பியர்கள் பலவற்றை மெதுவாகச் சரித்து ஊற்றி, மண்டியைப் போத்தலிலேயே விடுவார்கள். இரண்டும் சரி. கலங்கல் வேணுமா, தெளிவு வேணுமா எண்டதுதான் கேள்வி.

குடியுங்கோ எண்டு சொல்ல வரேல்லை. நாங்கள் பாணில் பூசுற மார்மைட்டும் பியர் வடிச்சு மிஞ்சின மதுவத்தில் இருந்துதான், 1902இல் இங்கிலாந்தில் தொடங்கினது. அப்பமாவைப் பொங்க வைக்கிற கள்ளிலும் மதுவம்தான் வேலை செய்யுது. அந்த அப்பத்தை ருசிச்சுச் சாப்பிட்டுவிட்டு, கள்ளுச் சீவுறவரைப் படலைக்கு வெளியில் நிப்பாட்டின வீடுகள் எங்கட ஊரிலும் இருந்தது.

கொட்டவேண்டியது அந்தப் பழக்கத்தை. மண்டியை இல்லை.