ரெனோவைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறோம்?

‘காஸாபிளாங்கா’ வெளியானது 1942 நவம்பரில். இன்றைக்கும் யாராவது புதிதாகப் பார்த்துவிட்டு எழுதினால் அதே மூன்று விஷயங்கள்தான் வரும். விமான நிலையத்தில் ரிக் செய்யும் தியாகம், இங்க்ரிட் பெர்க்மனின் ஈரமான கண்கள், கடைசியில் ரிக்கும் போலீஸ் அதிகாரி ரெனோவும் பனிமூட்டத்துக்குள் சேர்ந்து நடந்துபோகும் அந்த ‘நட்பு’. முதல் இரண்டோடும் எனக்குத் தகராறு இல்லை. மூன்றாவதோடுதான்.

யார் இந்த ரெனோ? ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்றபின் அமைந்த விஷி அரசின் ஆள். காஸாபிளாங்காவின் போலீஸ் தலைவர். நாஜிகளிடம் தப்பி லிஸ்பன் வழியாக அமெரிக்கா போக நினைக்கும் அகதிகள் அந்த ஊரில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். ஊரைவிட்டு வெளியேறும் விசா ரெனோவின் கையில். கிளாட் ரெயின்ஸ் பிரமாதமாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. சூதாட்டம் நடக்கிறதென்று அதிர்ச்சி அடைந்தவர்போலக் கடையை மூடச் சொல்கிற அதே நிமிடம், அவர் ஜெயித்த பணத்தை ஒருவன் கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். அங்கே சிரிப்பதில் தப்பே இல்லை.

ஆனால் பணமில்லாத பெண்களிடம் ரெனோ கேட்கும் விலை வேறு. பல்கேரியாவிலிருந்து வந்த அன்னினா, கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது. கணவன் யான் ரூலெட் மேசையில் இருந்ததையெல்லாம் தோற்றுக்கொண்டிருக்கிறான். அவள் ரிக்கிடம் வந்து சுற்றிவளைத்து ஒன்று கேட்கிறாள்: ஒருத்தி தன் புருஷனின் நல்லதுக்காக ஒரு கெட்ட காரியம் செய்து, அதை அவனிடம் சொல்லாமலே மறைத்துவிட்டால் மன்னிக்க முடியுமா? ரெனோ வாக்குத் தவறாதவரா என்றும் கேட்கிறாள். இதைவிடக் கொடூரமான கேள்வி படத்தில் வேறு இல்லை.

ரிக் நேராகப் போய் யானை 22-ஆம் எண்ணில் கட்டச் சொல்கிறான். இரண்டு முறையும் 22. விசாவுக்கான பணம் கிடைத்துவிட்டது. ரிக்கின் கல்நெஞ்சுக்குள் ஈரம் இருக்கிறது என்று எல்லோரும் எழுதுவது இந்த இடத்தைத்தான். அடுத்து வருவதை யாரும் எழுதுவதில்லை. ரெனோ ரிக்கிடம் செல்லமாகக் கோபித்துக்கொள்கிறார்: என் சின்னக் காதல் விவகாரத்தில் ஏன் தலையிட்டாய்? போகட்டும், நாளை ராத்திரி பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தியோடு வருவேன், அவள் தோற்றால் எனக்குச் சந்தோஷம்!

ஜோக்குங்க இது. படம் இதை ஜோக்காகத்தான் வைத்திருக்கிறது. அந்தப் பெண் தோற்றாளா ஜெயித்தாளா என்பது பற்றிப் படத்துக்குக் கவலையில்லை.

“அந்தக் காலத்துப் படம், இன்றைய அளவுகோலால் அளக்காதே” என்பார்கள். அந்தக் காலத்து அளவுகோலாலேயே அளப்போம். ஹாலிவுட்டின் தணிக்கைக்குப் பொறுப்பாக இருந்த ஜோசப் பிரீனின் அலுவலகம் 1942-லேயே இந்த விசா பேரத்துக்கு ஆட்சேபம் எழுப்பியது. அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்கு உறுத்தியது ஆபாசம் மட்டும்தான், அந்தப் பெண்ணின் கதி அல்ல. அதனால் பேரம் படத்தில் அப்படியே இருந்தது, சொற்கள் மட்டும் நாசூக்காயின. அந்த நாசூக்கைத்தான் ரெனோவின் ‘ஸ்டைல்’ என்று நாம் ரசிக்கிறோம்.

“அவர்தான் கடைசியில் திருந்திவிடுகிறாரே” என்பது அடுத்த வாதம். எதில் திருந்தினார்? ரிக் ஜெர்மன் மேஜரைச் சுட்டதை மறைக்கிறார், விஷி தண்ணீர் பாட்டிலைக் குப்பைக்கூடையில் போடுகிறார். கட்சி மாறுகிறார், அவ்வளவுதான். கையெழுத்துக்காக அவர் அறைக்குள் போன பெண்களைப் பற்றி ஒரு சொல் உண்டா? நாஜிகளுக்கு எதிரான பக்கம் வந்துவிட்டால் பழைய கணக்கெல்லாம் தள்ளுபடி என்கிறது படம். இந்தத் தள்ளுபடிதான் எனக்கு ஆகவில்லை.

அந்த ரூலெட் மேசையைச் சுற்றி நின்றவர்களைப் பாருங்கள். பந்தை 22-இல் விழவைக்கும் எமிலாக நடித்தவர் மார்செல் தாலியோ, பிரெஞ்சு யூதர். ‘யூத முகம் இதுதான்’ என்று நாஜிகள் அவர் படத்தையே போஸ்டராக அடித்தார்கள். 1940-இல் அவரும் மனைவி மேடலீன் லெபோவும் பாரிஸைவிட்டு லிஸ்பனுக்கு ஓடினார்கள். அங்கிருந்து கப்பலேறி மெக்ஸிகோ வந்தபோதுதான் கையிலிருந்த சிலி விசா போலி என்று தெரிந்தது. யானாக நடித்த ஹெல்முட் டான்டைன், வியன்னாவில் நாஜிகள் பிடித்து முகாமில் அடைத்துவைத்திருந்த இளைஞர். போலி விசாவால் தவித்த மனிதர், முகாமில் அடைபட்டிருந்தவருக்கு விசாக் காசு ஜெயித்துக் கொடுக்கிறார்! இந்த மேசையைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?

இன்னொன்று. படத்தில் விசாவை வைத்து விளையாடும் அதிகாரி ரெனோ ஒருவர்தான். லிஸ்பன் விமானம் ஏறிவிட்டால் அமெரிக்காவின் கதவு திறந்தே இருக்கும் என்று தோன்றும். நிஜத்தில் 1939-இல் 900-க்கும் மேற்பட்ட அகதிகளோடு வந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலை அமெரிக்கா கரையேற விடவில்லை. 1940 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பிரெக்கின்ரிட்ஜ் லாங், விசாக்களை எப்படி இழுத்தடித்துக்கொண்டே போகலாம் என்று குறிப்பே எழுதினார். ரெனோவின் அறை காஸாபிளாங்காவில் மட்டும் இருக்கவில்லை.

படத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. நிச்சயம் பாருங்கள். ஆனால் அன்னினாவை ரிக்கின் நல்ல மனசுக்கு ஒரு சாட்சியாக மட்டும் சுருக்காதீர்கள். அவளுக்கு இரண்டு முறை 22 விழுந்தது. மற்ற பெண்களுக்கு விழவில்லை. விமானத்தில் போனது இரண்டே பேர். அந்தப் பெண்கள் இன்னும் கஃபேயில் காத்திருக்கிறார்கள். பனிக்குள் நடந்துபோகிற இரண்டு ஆண்களில் ஒருவர், நேற்றுவரை அவர்களிடம் விலை பேசியவர்.