தியேட்டர் கூடாது, கள்ள டீவிடி கூடுமா?

தியேட்டர் வாசலில் நம் பொடியனைக் கண்டால் ஊரே வாப்பாவிடம் சொல்லும். அதே படத்தின் கள்ளக் கொப்பியை வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக் குடும்பமாகப் பார்த்தால் நாம் மானஸ்தர்கள்!

படம் கூடுமா, கூடாதா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். நாம் கேட்பது அடுத்தவரின் ஹக்கைப் பற்றி. அனுமதியில்லாத கொப்பியை வாடகைக்கென்று வைத்திருப்பதே குற்றம் என்கிறது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். டிக்கட் காசில் படம் எடுத்தவனுக்கும் ஒரு பங்கு போகிறது. நம் வாடகைக் காசு முழுவதும் கொப்பி அடித்தவனுக்கே. டிஸ்க்கை வாங்கிவர அனுப்புவதோ பத்து வயதுப் பிள்ளையை! அந்தப் பிள்ளையிடம்தான் வகுப்பில், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதாதே என்கிறோம்.

கோபப்படுகிறவர்கள் முதலில் வீட்டிலுள்ள டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள். படத்தின் பெயர் அச்சிலா இருக்கிறது, மார்க்கர் பேனையிலா?