நைனாமலையும் நான் கூட்டிப் போகாத பிள்ளைகளும்

பதிவு கொஞ்சம் நீளம். காப்பி குடித்துக்கொண்டே படியுங்கள்.

பொங்கல் முடிந்த மறுநாள் என்னிடம் படித்த ஒருவர் போன் செய்தார். 1995 செட். நாமக்கல்லில் கடை வைத்திருக்கிறார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து நைனாமலை ஏறப் போகிறார்களாம். "அனுப்பலாமுங்களா சார்? பொம்பளப் பிள்ளைகள மலைக்குத் தனியா எப்படிங்க அனுப்பறது?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சேந்தமங்கலத்துப் பக்கம் வளர்ந்த யாருக்கும் மலை புதிதில்லை. கிழக்கே கொல்லிமலை சுவர் மாதிரி நிற்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலைத் தலையில் வைத்துக்கொண்டு நைனாமலை தனியாக நிற்கிறது. புரட்டாசி சனிக்கிழமை என்றால் ஊரே அங்கேதான். ஆனாலும் சமூக அறிவியல் வகுப்பில் "மலை ஏறியவர்கள் கை தூக்குங்கள்" என்றால் பாதிப் பேர்கூடத் தூக்க மாட்டார்கள். அதனால்தான் 1988 முதல் ஒவ்வொரு தை மாதமும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனேன். விடியும் முன் அடிவாரம். புளிசாதப் பொட்டலம், தூக்குப் போசியில் தண்ணீர். படி ஏற ஆரம்பித்தால் முதல் அரை மணி நேரம் பாட்டும் கூத்தும். அப்புறம் சத்தம் தானாக நின்றுவிடும்.

மேலே போனதும் நான் பாடம் நடத்தியதே இல்லை. சும்மா உட்காரச் சொல்வேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஆரம்பிப்பார்கள். அதோ நாமக்கல் கோட்டைப் பாறை, அது போதமலை, வடக்கே மங்கலாகத் தெரிவது ஏற்காட்டு மலை. கோழிப் பண்ணைக் கொட்டகைகள் தீப்பெட்டி அடுக்கிய மாதிரி. மரவள்ளிக் காடு எங்கே முடிகிறது, ஏரித் தண்ணீர் எந்த வாய்க்காலில் எந்த ஊருக்குப் போகிறது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால் தானாகப் புரியும். காவிரியே தெரிகிறது என்று வருஷத்துக்கு ஒருவன் சத்தியம் செய்வான். எனக்கு ஒரு முறையும் தெரிந்ததில்லை.

மாணவர்களை என்று எழுதினேன் அல்லவா? பையன்களை மட்டும்தான். மாணவிகளை ஒரு வருஷம்கூடக் கூட்டிப் போனதில்லை. கழிப்பறை வசதி இல்லை, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று காரணம் வரிசையாக இருந்தது. ஒரு பெற்றோரிடமாவது போய்க் கேட்டேனா? இல்லை. இத்தனைக்கும் அதே மாணவிகளை இரண்டு நாள் பஸ்ஸில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கும் மலைக்கு அரை நாள் கூட்டிப் போக முடியவில்லை.

1997 செட்டில் ஒரு மாணவி. பெயர் வேண்டாம், அவளே இதைப் படித்துக்கொண்டிருப்பாள். (இப்போது பெரிய பொறுப்பில் இருப்பவர். ஆனாலும் என் மாணவி, அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.) சம உயரக் கோடுகள் பாடம் நடத்தியபோது, வீட்டுப் பாடமாக நைனாமலையை வரைந்துகொண்டு வந்தாள். மாட்டு வண்டிப் பாதையில் நின்று நாலு பக்கமும் பார்த்துப் பார்த்து வரைந்ததாகச் சொன்னாள். அவ்வளவு நேர்த்தி. பத்துக்குப் பத்து போட்டேன். அடுத்த வாரம் அவள் வகுப்புப் பையன்களைக் கூட்டிக்கொண்டு நான் மலை ஏறினேன். அவளை விட்டுவிட்டு.

25 வருஷம் கழித்து அந்த செட் ஒன்றுகூடியபோது எல்லோர் முன்னாலும் கேட்டாள், "ஏன் சார் எங்கள மட்டும் கூட்டிட்டுப் போகலீங்க?" நான் கழிப்பறைக் காரணத்தைச் சொன்னேன். "பசங்களுக்கு மட்டும் மேல கக்கூஸ் கட்டி வெச்சிருந்தாங்களாங்க சார்?" என்றாள். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறினாள். எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேலே போய்ச் சேர்ந்ததும் போன். "சார், நான் வரைஞ்சது தப்புங்க. மேல் பாதியில கோடெல்லாம் இன்னும் நெருக்கமா வந்திருக்கோணும்." கோடு நெருங்கினால் சரிவு அதிகம். அதை அவள் கால் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 25 வருஷம் முன்னால் நான் செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பிடிக்காதவர்கள் திட்டலாம்.

கொல்லிமலைக்கு எல்லோரும் போகிறீர்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, நாலு இடத்தில் நிறுத்தி செல்பி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை, அன்னாசி, மிளகு, மாலையில் வீடு. தவறே இல்லை, பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு போன பிள்ளை மலைக்குப் போனதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று உங்களுக்கெல்லாம் மனப்பாடம் செய்ய வைத்தேன். ஏசி காரில் அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? நடந்து ஏறுகிறவனுக்கு வியர்வை காயும்போது தெரியும்.

கடலும் அப்படித்தான். கன்னியாகுமரிக் கரையில் நிற்கும்போது நம் கண்ணுக்குத் தெரியும் கடல் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. பூமி வளைந்திருக்கிறதே. 400 மீட்டர் உயரத்தில் நின்றால் அடிவானம் ஏறக்குறைய 70 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போய்விடும். கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே மருந்துவாழ்மலை இருக்கிறது. ஸ்ரீ நாராயண குரு தவம் இருந்த மலை. மேலே நின்றால் ஒரு பக்கம் மலைத்தொடர், ஒரு பக்கம் கடல். எத்தனை சுற்றுலா கூட்டிப் போனோம்! ஒரு தடவைகூட அங்கே பஸ்ஸை நிறுத்தவில்லை. சூரிய உதயம், பாசிமணிக் கடை, கிளம்பு என்பதுதான் எங்கள் திட்டம்.

இப்போது பள்ளிக்கூடங்கள் மலை என்றாலே பயப்படுகின்றன. 2018 மார்ச் 11 குரங்கணியை யாரும் மறக்கவில்லை. கொழுக்குமலைப் பக்கம் நடந்து வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் போய்விட்டார்கள். அதில் இளம் பெண்கள் நிறைய. இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. ஆனால் அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம் "மலைக்குப் போகாதே" என்பது. எனக்குத் தோன்றுவது வேறு. மார்ச் மாதம் புல் காய்ந்து கிடக்கும். தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும், ஏனென்றால் கீழே எரியும் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். பள்ளம் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கலாமே. அதற்கப்புறம் அரசு மலையேற்றத்துக்கு விதி போட்டது. 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு, ஆன்லைனில் பதிவு செய்து போகும்படி ஏற்பாடு செய்தது. தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். நல்ல காரியம். கட்டணம்தான் நம் வீடுகளை யோசிக்க வைக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு நாள் இலவசமாக விட்டால் என்ன குறைந்துவிடும்?

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது தாண்டியவர்கள் வீறாப்பாக ஏறாதீர்கள். 2024ல் வெள்ளியங்கிரியில் எத்தனை பேர் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் போனார்கள் என்று பேப்பரில் படித்தோம். டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். முடியவில்லையா, பாதியில் திரும்புங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆகாய கங்கை இன்னும் மோசம். மலைக்கு நேர்மாறு அது. ஆயிரம் படிக்கு மேல் சுலபமாக இறங்கிவிடுவீர்கள், குளித்துச் சாப்பிட்டுக் களைத்தபின்தான் ஏற்றம் ஆரம்பிக்கும். என் மைத்துனர் அங்கே பட்ட பாட்டை அவரே கீழே எழுதுவார்.

சரி, கடைக்காரருக்கு என்ன பதில் சொன்னேன்? அனுப்பு என்றேன். ஆளில்லாத நாளில் ஐந்து சின்னப் பிள்ளைகள் மட்டும் போவது எனக்கும் சம்மதமில்லை, அது பையன்களாக இருந்தாலும் அப்படித்தான். ஆறு மணிக்குள் ஏற ஆரம்பிக்கணும், வெயில் உறைக்கும் முன் இறங்கிடணும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். குரங்குக்குத் தெரிகிற மாதிரி தின்பண்டம் வேண்டாம். கொண்டு போன பாட்டில் திரும்பக் கீழே வரணும். கூட ஒரு பெரியவர் போகணும்.

"அந்தப் பெரியவர் யாருங்க சார்?"

"நீதான். உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா."

"எனக்கு மூச்சு வாங்குமுங்களே சார்!"

மெதுவாக ஏறு, பிள்ளைகள் மேலே காத்திருப்பார்கள் என்றேன். சம்மதித்துவிட்டார். 1997 செட்காரியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அன்று விட்டுப்போன மாணவிகள் யாராவது இதைப் படித்தால், வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு அடிவாரம் வந்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். நான் கீழேதான் உட்கார்ந்திருப்பேன், பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு. எத்தனை பேர் என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி போட்டு எடுத்து வருவேன்.