மடக்கை முதலில் தாளில் ஓட்டிப் பாருங்கள்

மாணவர்களே, ஐந்தாம் படிவக் கணினி அறிவியலில் ஜாவாஸ்கிரிப்ட் வருகிறது. அதில் பலர் தடுமாறும் இடம் லூப் எனப்படும் மடக்கு. அதைக் கணினி முன் உட்கார்ந்து கற்பதைவிட, தாளும் பென்சிலுமாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் மரத்தில் தொடங்குவார்கள். வெட்டி, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்கு நகர்வார்கள். நிரை முடிந்ததும் நிறுத்துவார்கள். ஃபார் மடக்கிலும் இந்த மூன்றுதான்: தொடக்கம், நிபந்தனை, நகர்வு.

ஒரு நிரையில் 30 மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் கிடைத்த பாலின் அளவைப் பட்டியலிட்டு மொத்தம் காண வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் பட்டியலை 0-இலிருந்து எண்ணும். எனவே கடைசி மரத்தின் எண் 29. நிபந்தனையில் ‘30-ஐவிடக் குறைவு’ என்று எழுதினால் மடக்கு 30 முறை ஓடும். ‘30 அல்லது அதற்குக் குறைவு’ என்று எழுதினால் 31 முறை ஓடும். இல்லாத மரத்தில் பால் ஏது? ஆனாலும் ஜாவாஸ்கிரிப்ட் பிழை என்று சொல்லி நிற்காது. மொத்தத்துக்குப் பதில் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் நேன் என்பதைக் காட்டும். நகர்வை எழுத மறந்தாலோ முதல் மரத்தையே வெட்டிக்கொண்டிருக்கும். உலாவிப் பக்கம் உறைந்துபோகும்.

இத்தகைய பிழையைத் திரையில் தேடுவது கடினம். தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் மரத்தின் எண் என்ன, மொத்தம் எவ்வளவு என்று எழுதுங்கள். 30 மரம் வேண்டாம், 3 போதும். நிபந்தனை தவறென்றால் நான்காம் வரியில் கண்ணில் பட்டுவிடும்.

செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருமே என்பீர்கள். தரும். அது எழுதியது சரியா என்று யார் பார்ப்பது? எழுத்துத் தேர்வில் ஒரு நிரல் துண்டைக் கொடுத்து அதன் வெளியீட்டைக் கேட்டால் யார் உதவுவது?

வீட்டில் மடிக்கணினி இல்லை என்பதற்காக நான்காம் படிவத்தில் இந்தப் பாடத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நிரலை ஓட்டிப் பார்க்கப் பள்ளிக் கணினிக்கூடம் இருக்கிறது. அதற்கு முன் நடக்க வேண்டிய சிந்தனைக்கு ஒரு தாள் போதும். இன்றே மூன்று மரத்துக்கு ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள்.