வீடு இல்லாதவனுக்கு ஜாமீனும் இல்லையா?

கோர்ட்டு ஜாமீன் கொடுத்த பிறகும் தொழிலாளி சிறையில் கிடக்கிறான். ஏன்? ஜாமீன்தாரருக்குச் சொத்து வேண்டுமாம். வீட்டு வரி ரசீது வேண்டுமாம். ஆள் உள்ளூர்க்காரராகவும் இருக்க வேண்டுமாம்!

வாடகை ஏற ஏற வீடு மாறுகிறவன், கடனுக்குக் குடிசையை விற்றவன், பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவன் இவற்றுக்கு எங்கே போவான்? சொந்த வீடுள்ள உறவினரோ, ஆள் வாய்தாவுக்கு வராவிட்டால் பணம் தம் தலையில் விழுமே என்று அஞ்சுகிறார்.

1978ல் மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஏழைக் கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். சகோதரர் முன்வந்தார். அவர் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். ஊராருக்கு வீடு கட்டியவனுக்குக் கிடைத்தது சிறைக் கொட்டடி! சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் 1,000 ரூபாய் சொந்த ஜாமீனில் அவரை விடுவித்தார்.

45 ஆண்டுகள் கழித்து, 2023லும், உள்ளூர் ஜாமீன்தாரரைக் கேட்பதால் விடுதலை தாமதமாகிறது என்று அதே கோர்ட்டு சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு மேலே இருக்கிறது. பழைய வழக்கம் கீழே நடக்கிறது.

உழைப்பவனின் வேலையையும் குடும்பத்தையும் பார்த்துச் சொந்த ஜாமீனில் விடுவதே நியாயம். பட்டாவைப் பார்த்துத் திறக்கும் சிறைக்கதவு பணக்காரனுக்கே திறக்கும். இந்த முறை ஒழிய வேண்டும்!