நடுவரில்லா ஆட்டம்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு மாணவரோடு சுற்றுலாச் சென்றிருந்தோம். எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, அரியூர் நாட்டில் இளைப்பாறிய மாலைப்பொழுது. மாணவர் சிலர் பையிலிருந்து ஒரு நெகிழி வட்டை எடுத்தனர்; செருப்புகளை எல்லையாக வைத்து ஆடத் தொடங்கினர். 'அல்டிமேட் பிரிஸ்பி' என்றனர்.

1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர் தோற்றுவித்த ஆட்டம் இது. இன்று சென்னைக் கடற்கரை மணலிலும் ஆடப்படுகின்றது. முறையான ஆட்டத்தில் அணிக்கு எழுவர். வட்டின் எடை 175 கிராம். வட்டை ஏந்தியவர் ஓடலாகாது. தோழருக்கு எறிதல் வேண்டும். எதிர் எல்லைக்குள் தோழர் பிடித்தால் ஒரு புள்ளி.

எம்மைக் கவர்ந்தது பிறிதொன்று. இவ்வாட்டத்திற்கு நடுவர் இல்லை! இடிபட்டவர் 'தவறு' என்றார். இடித்தவர் ஒரு கணம் நின்று, 'ஆம்' என ஒப்பினார். ஆட்டம் தொடர்ந்தது. துறைகளுக்கிடையிலான கிரிக்கெட்டில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கைகலந்த அதே மாணவர்தாம் இவர்! ஆள் குறைந்தபோது, ஓடத் தெரியாதவரையும் அன்போடு அழைத்துச் சேர்த்துக்கொண்டனர்.

'கோப்பையில்லா ஆட்டம் காலக்கேடு' என்பர் பெரியோர். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். தேர்வறையில் கண்காணிப்பாளர் உண்டு. வாழ்க்கையில் பல வேளைகளில் மனச்சான்று ஒன்றே கண்காணிப்பாளர். அதனைப் பழக்கும் ஆட்டம் வீணாகுமோ?

வாரத்தில் ஒரு மாலையேனும், பரிசும் பட்டியலும் இன்றி நம் கல்லூரித் திடலை மாணவர்க்குத் திறந்துவிடுவோம். ஆடட்டும், தம்மைத் தாமே ஆளவும் கற்கட்டும்!